முதலில் நிற்பதெல்லாம் முதன்மையானதா?

கேட்டதையெல்லாம் கொடுக்கும் கற்பக மரத்தைப் பற்றிக் கதைகளில் படித்திருக்கிறோம். இந்நாளில் அந்த மரம் கைப்பேசி வடிவில் நம் வீடுகளுக்கே வந்துவிட்டது எனலாம். பரீட்சைக்கு வேண்டிய விளக்கம், பாட்டியின் மூட்டுவலிக்கு மருத்துவர், தாம்பரத்திலிருந்து திருச்சிக்குப் போகும் ரயிலின் நேரம் – எதைக் கேட்டாலும் தேடுபொறி நொடியில் ஒரு பட்டியல் தருகிறது. பட்டியலில் முதலில் நிற்பதை நாம் அப்படியே நம்பிவிடுகிறோம். அது எப்படி முதலில் வந்தது என்று கேட்பதில்லை. சென்ற மழைக்காலம் வரையில் நானும் கேட்டதில்லை.

எங்கள் தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; கணக்கில் புலி. சென்ற கார்த்திகை மாதத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது. தாத்தா கம்பெனியின் பெயரோடு 'சர்வீஸ் நம்பர்' என்று சேர்த்துத் தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் பேசினார். எதிர்முனையில் இருந்தவன் "சார், சார்" என்று மிகுந்த மரியாதையோடு பேசினான். புகாரைப் பதிவு செய்ய 10 ரூபாய் அனுப்பினால் போதும் என்றான். அதற்கென ஒரு செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளச் சொன்னான். அந்தச் செயலி வழியாகத் தாத்தாவின் கைப்பேசித் திரை முழுவதும் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. பத்தே நிமிடங்களில் பென்ஷன் கணக்கிலிருந்து 23,000 ரூபாய் போய்விட்டது. அந்த எண் கம்பெனியுடையதே அல்ல!

பணம் போனதைவிட, "இவ்வளவு படித்தும் ஏமாந்தேனே" என்ற எண்ணமே அவரை வாட்டியது. மாலைதோறும் ஏரிக்கரையில் நடக்கப் போகிறவர், ஒரு வாரம் வாசற்படி தாண்டவில்லை. "ஏம்மா, முதலில் வந்த நம்பர்தானே? பொய்யை எதற்கு முதலில் காட்டுகிறது?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கம்ப்யூட்டர் ஆசிரியையிடம் கேட்டும், நூலகத்தில் படித்தும் நான் அறிந்துகொண்டதை இங்கே தருகிறேன்.

பட்டியல் எப்படி உருவாகிறது?

தேடுபொறியை ஓயாமல் உழைக்கும் நூலகர் என்று கொள்ளலாம். 'சிலந்தி' எனப்படும் நிரல்கள் இணையப் பக்கங்களுக்கெல்லாம் சென்று படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறிப்பேடு தயாரிக்கின்றன. ஒரே சொல் இலட்சம் பக்கங்களில் இருந்தால் எதை முதலில் வைப்பது? அதுதான் கடினமான கேள்வி.

1990களில் இருந்த தேடுபொறிகள் பலவும் சொற்களை எண்ணுவதையே பெரிதும் நம்பின. உடனே தந்திரக்காரர்கள் ஒரே சொல்லை நூறு முறை எழுதி, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மறைத்து வைத்தார்கள். மனிதக் கண்ணுக்கு அது தெரியாது, சிலந்திக்குத் தெரியும்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகிய இருவரும் வேறொரு வழியைக் கண்டார்கள். 1998ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் இவர்களே. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அதை ஓர் ஓட்டாக எண்ணலாம்; பலரும் மதிக்கும் பக்கத்தின் ஓட்டுக்கு மதிப்பு அதிகம் என்பதே அவர்கள் வழி. இன்று வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துவிட்டன. ஆனாலும் பிறர் தரும் சாட்சியை எடைபோடுவது என்னும் அடிப்படை மாறவில்லை.

கள்ள ஓட்டுகள்

ஓட்டு என்றவுடன் நமக்கு உத்திரமேரூர் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அங்கே குடவோலை முறையை விளக்குகின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமன்றி, அவருடைய உறவினருக்கும் குடத்தில் இடமில்லை. ஓர் ஊர்ச் சபைக்கே இத்தனை காவல் வேண்டியிருந்தது!

இணையத்திலோ தொடக்கத்தில் அத்தகைய காவல் இல்லை. சமையல், கிரிக்கெட், பயிர்த்தொழில் என்று பல பொருள்களைப் பற்றி மக்கள் கூடிப் பேசும் விவாத அரங்குகள் ஏராளம். அங்கே யாரும் எழுதலாம். தந்திரக்காரர் அங்கே நுழைந்து, "மிக நல்ல கருத்து, நன்றி" என்று எழுதி, கீழே தம் கடையின் இணைப்பை வைத்துவிட்டுப் போவார். அதை மனிதர் படிக்க வேண்டும் என்பதில்லை. சிலந்தி படித்து ஓர் ஓட்டாக எண்ணினால் போதும். இவ்வாறு ஆயிரக்கணக்கில் எழுதித் தள்ளும் மென்பொருள்களும் வந்தன.

தேடுபொறி நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்.எஸ்.என். ஆகிய மூன்றும் 'நோ ஃபாலோ' என்னும் குறியீட்டை ஏற்றன. 'இந்த இணைப்பை ஓட்டாக எண்ணாதே' என்பது அதன் பொருள். ஆனாலும் தந்திரம் நிற்கவில்லை. 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஜே.சி.பென்னி என்னும் பெரிய அமெரிக்கக் கடை பல பொருள்களின் தேடலில் முதலிடம் பிடித்த இரகசியத்தை 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் வெளிப்படுத்தியது. தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு இணைப்புகள் வைக்கப்பட்டிருந்தன. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று கடை கூறியது. கூகுள் அதைப் பட்டியலில் கீழே தள்ளியது. 2012 ஏப்ரலில் கூகுள் கொண்டுவந்த 'பெங்குவின்' என்னும் மாற்றம், இத்தகைய கள்ள ஓட்டுகளைக் கண்டுபிடித்துத் தண்டிப்பதற்காகவே வந்தது.

என் தாத்தாவின் கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. மோசடிக்காரர்கள் ஒரு கம்பெனியின் பெயரையும் 'கஸ்டமர் கேர்' என்ற சொல்லையும் தங்கள் எண்ணையும் சேர்த்துப் பல இடங்களில் எழுதி வைக்கிறார்கள். பல வாய்கள் ஒன்றையே சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று இயந்திரம் ஏமாந்துபோகிறது. வேறு வழியும் உண்டு. 2018ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தில், கூகுள் வரைபடத்தில் இருந்த வங்கிக் கிளைகளின் தொலைபேசி எண்களையே மாற்றித் தங்கள் எண்களை வைத்து மக்களை ஏமாற்றியது ஒரு கும்பல்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் எச்சரிக்கை இன்னும் அதிகமாக வேண்டும். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் கூகுள் அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய செயற்கை நுண்ணறிவுப் பதில், பீட்சாவின் மேல் சீஸ் வழுக்காமல் இருக்கப் பசை சேர்க்கலாம் என்று கூறியது! விவாத அரங்கு ஒன்றில் யாரோ பல ஆண்டுகளுக்கு முன் வேடிக்கையாக எழுதியதே அதன் மூலம் என்று கண்டுபிடித்தார்கள். வேடிக்கைக்கு எழுதியதே இந்தப் பாடு என்றால், வேண்டுமென்றே எழுதும் பொய் என்ன பாடுபடுத்தும்?

ஒரு பை குப்பைதானே!

என் பெரியப்பா மகன் கல்லூரியில் படிக்கிறார். விடுமுறையில் வீட்டிலிருந்தே செய்யும் வேலை என்று, தாம் வாங்கிப் பார்க்காத மெத்தைகளைப் புகழ்ந்து, எழுத்துக்கு இத்தனை ரூபாய் என்று எழுதிக்கொண்டிருந்தார். தாத்தாவைப் பார்க்க வந்தபோது, "நான் யார் பணத்தையும் திருடவில்லையே" என்றார். தாத்தா, "நீ திருடவில்லை, ஆனால் எது நிஜம் என்று தெரியாதபடி செய்கிறாய். திருடனுக்கு அது போதும்" என்றார். அண்ணன் பதில் பேசவில்லை. அந்த வேலையை விட்டுவிட்டதாகப் பின்னர்ப் பெரியம்மா சொன்னார்.

எங்கள் சிட்லபாக்கம் ஏரியின் கரையிலும் ஒரு காலத்தில் குப்பை மலைபோல் கிடந்தது. "ஒரு பை குப்பைதானே" என்று நினைத்தால் ஏரி என்னவாகும் என்பதைக் கண்டோம். ஊர் மக்களின் விடாமுயற்சியாலும் அரசின் செலவாலும் இன்று அது தூய்மை பெற்று, நடைபாதையோடு விளங்குகிறது. இணையமும் ஒரு பொது ஏரியே. ஒருவர் எழுதும் ஒரு பொய்ப் புகழுரையும் அதில் கொட்டும் ஒரு பை குப்பையே. 2022ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களுக்கென ஒரு தரநிலையை வெளியிட்டதும் இந்தக் குப்பையைக் குறைக்கத்தான்.

நாம் செய்ய வேண்டியவை சில. கம்பெனியின் எண்ணைப் பில்லிலோ உத்தரவாத அட்டையிலோ பாருங்கள். வங்கியின் எண்ணைப் பாஸ் புத்தகத்திலோ கார்டின் பின்புறத்திலோ பாருங்கள். பட்டியலின் மேலே 'ஸ்பான்சர்டு' என்று இருந்தால் அது காசு கொடுத்து வைத்த விளம்பரம் என்று அறியுங்கள். முன்பின் அறியாதவர் சொல்லி எந்தச் செயலியையும் இறக்காதீர்கள். ஓ.டி.பி.யையும் இரகசிய எண்ணையும் யாரிடமும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். அன்றே சொன்னதால்தான் தாத்தாவின் பணத்தில் 8,000 ரூபாயாவது தடுத்து நிறுத்தப்பட்டது. மீதி இன்னும் வரவில்லை.

தாத்தா இப்போது மறுபடியும் ஏரிக்கரைக்குப் போகிறார். உடன் நடக்கும் நண்பர்களிடம் தாம் ஏமாந்த கதையைத் தாமே சொல்லி, "நம்பரைப் பில்லில் பாருங்கள் ஐயா" என்கிறார். அவரைப் போல் நாமும் பிறரை எச்சரிப்போம். நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் நம்பப்போகும் சாட்சி என்பதை உணர்ந்து, உண்மையையே எழுதுவோமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி, சிட்லபாக்கம்