தீயும் இரட்டையும்

மாணவர் பாடநூலினுள் மறைத்து வைத்துப் படிக்கும் சித்திரக்கதைகளைக் கண்டு பண்டிதர் பலர் முகம் சுளிப்பர். யான் அவற்றை வாங்கிப் படித்துப் பார்ப்பதுண்டு. பழங்கதைகளின் கருத்துக்களே அவற்றுள் புதுக்கோலம் பூண்டு உலவுகின்றன.

1939ஆம் ஆண்டில் அமெரிக்கச் சித்திரக்கதையொன்றிலே தீயுடல் வீரன் ஒருவன் தோன்றினான். கார்ல் பர்கோஸ் படைத்த 'மனிதத் தீப்பந்தம்' அவன். பேராசிரியர் ஒருவர் ஆக்கிய செயற்கை மனிதன். காற்றுப் பட்டதும் பற்றி எரிவான். அஞ்சிய மக்கள் அவனைப் புதைத்து வைத்தனர். மீண்டு வெளிவந்தவன் தீங்கு நினையாதவனே. எனினும், தொட்டவையெல்லாம் எரிந்தன. 1961இல் ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் அப்பெயரை ஜானி என்னும் இளைஞனுக்குச் சூட்டினர். அவனுக்குச் சூசன் என்னும் தமக்கையையும் உடன் படைத்தனர். தனித்திருந்த தீக்கு ஓர் உடன்பிறப்புக் கிடைத்தது.

அவ்வுடன்பிறப்பு இரட்டையாயின் உறவு இன்னும் ஆழமாகும். பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் தூமா 1844இல் எழுதிய கார்சிக்கச் சகோதரர் கதையில், உடலொட்டிப் பிறந்து கத்தியாற் பிரிக்கப்பட்ட இரட்டையர் வருகின்றனர். பாரிஸ் நகரில் ஒருவன் துன்புற, கார்சிக்கத் தீவிலுள்ள மற்றவன் அதனைத் தன்னுடலில் உணர்கிறான். இக்கதையே 1949இல் 'அபூர்வ சகோதரர்கள்' என்றும், 1971இல் 'நீரும் நெருப்பும்' என்றும் தமிழ்த் திரைக்கு வந்தது. முன்னதில் எம். கே. ராதாவும் பின்னதில் எம். ஜி. ஆரும் இரட்டை வேடம் பூண்டனர்.

நிற்க. தீயின் ஆற்றலை நம்மவர் எவ்வாறு நோக்கினர்? சிலப்பதிகாரத்துக் கண்ணகி மதுரையை எரித்தபோதும் அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் விலக்கியே எரித்தாள். அவ்வளவில் நம் முன்னோர் அமைதியுறவில்லை. எங்கள் வரிப்பத்தான்சேனையிலிருந்து கடற்கரைப் பக்கம் சென்றால் காரைதீவு. அங்குள்ள கண்ணகி கோயிலில் வைகாசிதோறும் 'குளிர்த்தி' நிகழ்கிறது. நீதிக்காக மூண்ட சினமாயினும் அது தணிக்கப்படவேண்டும் என்பதே அச்சடங்கின் உட்பொருள்.

இக்கரையிலே தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தவர்கள். வழிபாடு வேறாயினும் தாலாட்டும் நாட்டுக்கவியும் ஒரே மொழியில் எழுந்தன. 1985இலும் 1990இலும் மூண்ட கலவரங்களில் இரு சாரார் வீடுகளும் எரிந்தன. அத்தீ முதியோரை விலக்கவில்லை, குழந்தைகளையும் விலக்கவில்லை. ஓர் ஊர் எரிய, அடுத்த ஊர் தன் புண்ணை மட்டுமே எண்ணியது. பிரிக்கப்பட்ட இரட்டையர் ஒருவர் நோவை ஒருவர் உணராத காலம் அது.

ஆசிரிய நண்பர்களே! தீயுடல் வீரனைப் போலப் பறக்க விரும்பும் மாணவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவனுக்குத் தூமாவின் இரட்டையர் கதையையும் சொல்லுங்கள். அடுத்த ஊரில் ஒருவன் அடிபட்டால் இங்கே நமக்கு வலிக்க வேண்டும். எரிக்கும் வல்லமையினும் அரியது அவ்வுணர்வே என்பதை அவன் அறியட்டும். பிட்டுக்கு மாவும் பூவும் மாறி மாறி அடுக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இது விளங்காமற் போகாது.