டாக்டருக்குத் தலைமை தாங்கவும் தெரிய வேண்டும்!

சென்னையிலிருந்து மின்சார ரயிலில் ஆவடியைத் தாண்டிப் போனால் திருநின்றவூர். கையில் காசில்லாத பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய ஊர். பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அங்குள்ள சுவாமிக்கு இருதயாலீசுவரர் என்று பெயர். இருதய நோய்க்காரர்கள் இன்றும் அங்கே வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

அந்தக் கதையில் ஒரு நுட்பம் உண்டு. பூசலார் ஒரே நொடியில் கோயிலைக் கற்பனை செய்துவிடவில்லை. பொருள் சேர்த்தார்; தச்சர்களைத் தேடினார்; நல்ல நாள் பார்த்து அஸ்திவாரம் போட்டார்; கும்பாபிஷேகத்துக்கும் நாள் குறித்தார். எல்லாம் மனத்தில்தான்! பலரைச் சேர்த்து வேலை வாங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியதும் இதுதானே?

இருதயத்துக்கு வைத்தியம் செய்யும் டாக்டருக்கும் இந்தச் சாமர்த்தியம் வேண்டும். 2019-இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தைப் புதுப்பித்தபோது, டாக்டருக்கு ஐந்து பொறுப்புகளை வகுத்தார்கள். வைத்தியம் பார்ப்பது ஒன்று. மருத்துவக் குழுவில் தலைவராகவும், அதில் ஓர் அங்கமாகவும் இருப்பது மற்றொன்று.

தலைவர் என்றால் அதட்டுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆபரேஷன் அறைக்கென்று உலக சுகாதார நிறுவனம் 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் வகுத்தது. கத்தி வைக்குமுன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். நோயாளி யார், ஆபரேஷன் எந்த இடத்தில் என்று வாய்விட்டு உறுதி செய்ய வேண்டும். வேறு சோதனைகளும் உண்டு. புது டெல்லி உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் இதைக் கையாண்டு பார்த்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆயிரத்துக்குப் பதினைந்தாக இருந்த மரணம் எட்டாகக் குறைந்திருந்தது!

"ஐயா, வலது காலா, இடது காலா?" என்று பெரிய டாக்டரைக் கேட்கும் தைரியம் பயிற்சி டாக்டருக்கு வேண்டும். கேட்டவரைக் கடிந்துகொள்ளாத பண்பு பெரியவருக்கு வேண்டும். இரண்டும் தலைமைக் குணங்களே. படிக்கும் காலத்தில் பழகாவிட்டால் பிறகு வருமா?

பல் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் பள்ளிக்கூட முகாம்களுக்குப் போகிறார்கள். பயந்து அழும் குழந்தையைத் தேற்ற வேண்டும். வரிசை கலையக் கூடாது. ஒருவருக்குப் பயன்படுத்திய கருவி, சுத்தம் செய்யாமல் அடுத்தவர் வாய்க்குப் போகவே கூடாது. யாருக்கு எந்த வேலை என்று முன்பே பிரித்துக் கொடுத்தால்தான் இது நடக்கும். நாளைக்குத் தனியாகக் கிளினிக் வைக்கும்போது இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

2022 முதல் மருத்துவ மாணவர்கள் முதலாண்டிலேயே கிராமத்துக் குடும்பங்கள் சிலவற்றைத் தத்தெடுத்து, அவர்கள் ஆரோக்கியத்தைக் கவனித்துவர ஏற்பாடாகியிருக்கிறது. அப்படி ஒரு மாணவி உங்கள் உறவினர் வீட்டு வாசலுக்கு வந்தால், "சின்னப் பெண்தானே!" என்று அலட்சியம் செய்ய வேண்டாமென்று சொல்லுங்கள்.

உங்கள் வீட்டிலும் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளை உண்டா? "படி, படி" என்று மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த விசேஷத்தில் சமையல்காரரோடு பேசுவது, பந்தியைக் கவனிப்பது, கோபித்துக்கொண்ட அத்தையைச் சமாதானம் செய்வது ஆகிய மூன்றையும் அவனிடம் ஒப்படையுங்கள். நீங்கள் இத்தனை காலமாகச் செய்துவரும் வேலை எவ்வளவு பெரியது என்பதும் அவனுக்குப் புரியும்.