ஓலைச்சுவடித் தரவுகளைச் செம்மையாக்குவதில் செயற்கை நுண்ணறிவின் பங்கும் எல்லையும்

திறவுச்சொற்கள்: ஓலைச்சுவடி, மின்படிமம், எழுத்துணரி, பாடவேறுபாடு, செயற்கை நுண்ணறிவு

முன்னுரை

சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ.வே.சா. நூலகம், தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் முதலியன தமிழ் ஓலைச்சுவடிகளைப் பேணி வருகின்றன. ஓர் ஏட்டை மின்படிமமாக்கினால் அதன் தோற்றம் காக்கப்படும். அதிலுள்ள சொல்லைத் தேட இயலாது. படிமத்தைத் தேடத்தக்க பாடமாக மாற்றுவதிலும் அட்டவணைக் குறிப்புகளைச் சீராக்குவதிலும் செயற்கை நுண்ணறிவு துணைபுரிகிறது. அத்துணையின் எல்லை எது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஓலை எழுத்தின் இயல்பு

ஓலையில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபடுவதில்லை. ஆதலால் 'எரி', 'ஏரி' என்பன ஒரே வடிவில் அமையும்; 'கொடி', 'கோடி' என்பனவும் அவ்வாறே. துணைக்காலும் ரகரமும் ஒத்திருப்பதால் 'வரன்', 'வான்' என்பவற்றையும் வடிவத்தால் பிரித்தறிய முடியாது. சொற்களுக்கிடையே இடைவெளியும் இராது. இவ்வையங்களைப் பொருள், யாப்பு, பிற படிகள் ஆகியவற்றின் துணைகொண்டே பதிப்பாசிரியர் தீர்க்கிறார்.

இயந்திரம் படிக்கும் முறை

மனிதர் பெயர்த்தெழுதிய ஏடுகளைக் கொண்டு பயிற்றப்பட்ட எழுத்துணரி, முதலில் வரிகளைப் பிரித்து, பின் எழுத்து வடிவங்களை ஊகிக்கிறது. ஐயம் எழுமிடத்து மொழி மாதிரி, பயிற்சித் தரவில் மிகுதியாக வந்த சொல்லை நோக்கிச் சாய்கிறது. இதனால் அருஞ்சொல் இருந்த இடத்தில் வழக்கமான சொல் அமர்ந்துவிடக்கூடும். விளையும் பாடம் பிழையற்றதுபோல் தோன்றுவதால், மாற்றம் நிகழ்ந்தமையே படிப்பவருக்குப் புலப்படாது. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பல படிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைப் பதிவுசெய்தார். அவ்வேறுபாடுகளை இயந்திரம் ஓசையின்றி அழிக்குமாயின், சுவடி தரும் சான்றே மறைந்துபோகும்.

ஆண்டுக் குறிப்பு

அட்டவணைத் தரவிலும் இச்சிக்கல் உண்டு. ஏட்டின் இறுதியில் 'கீலக ஆண்டு' என்று மட்டும் இருப்பின், அறுபதாண்டுச் சுழற்சியால் அது 1788-89, 1848-49, 1908-09 ஆகியவற்றுள் எதுவாகவும் இருக்கலாம். உடன் 'கொல்லம் 1024' என்றிருந்தால் 1848-49 என உறுதிப்படும். இவ்விரண்டையும் ஒப்பிட்டு முரண்களைச் சுட்டும் பணியை இயந்திரம் விரைந்து செய்யும். கொல்லம் ஆண்டு இல்லாதபோது ஓர் ஆண்டை அதுவே தேர்ந்து நிரப்புவது, ஊகத்தைத் தரவாக்குவதாகும்.

தரவை அமைக்கும் முறை

ஒவ்வோர் ஏட்டிற்கும் மின்படிமம், புள்ளி சேர்க்காமல் உள்ளவாறே பெயர்த்த பாடம், திருத்திய பாடம் என மூன்று அடுக்குகள் தனித்தனியே இருத்தல் வேண்டும். திருத்தம் ஒவ்வொன்றிலும் அதனைச் செய்தது இயந்திரமா ஆய்வாளரா என்பதும், உறுதியின் அளவும் குறிக்கப்பட வேண்டும். மாற்றுப் பாடங்களையும் உறுதிநிலையையும் பொறுப்பாளரையும் குறிப்பதற்கான வழிமுறைகள் டி.இ.ஐ. என்னும் பன்னாட்டு உரைக்குறியீட்டு நெறிகளில் ஏற்கெனவே உள்ளன. உறுதி குறைந்த இடங்களை இயந்திரமே பிரித்துக் காட்டினால், சுவடியியல் வல்லுநரின் உழைப்பு அவ்விடங்களில் குவியும்.

முடிவுரை

வரி பிரித்தல், முதற்படி பெயர்த்தல், பெயர் வேறுபாடுகளை இணைத்தல், முரண் சுட்டல் ஆகியன இயந்திரத்திற்கு உரியன. பாடம் தெளிதலும் காலம் துணிதலும் ஆய்வாளருக்கு உரியன. ஏடு ஐயத்திற்கு இடம்தருமிடத்தில் அவ்வையத்தையும் காப்பதே செம்மையான தரவாகும்.