ஊக்கி எது, ஊசி எது? வதந்தியில் வதங்கும் தர்ப்பூசணி

மும்பை: கோடை தொடங்கிவிட்டால் தாராவி 90 அடி சாலையிலும், மாதுங்கா, செம்பூர் கடைவீதிகளிலும் தர்ப்பூசணி குவிந்துவிடும். வாஷி மொத்தச் சந்தை வழியாக நகருக்குள் வரும் இப்பழத்துடன் ஒரு சந்தேகமும் ஆண்டு தவறாமல் வருகிறது: இது ஊசி போட்டுப் பெருக்கவைத்த பழமா?

வயலில் ரசாயனம் பயன்படுவது உண்மை. ஆனால், அது வேறு கதை. வெள்ளரிக் குடும்பக் கொடிகளில் முதலில் மிகுதியாகப் பூப்பவை ஆண் பூக்கள். அவை காயாவதில்லை. காய்க்கும் பூக்களைக் கூட்டுவதற்காகத் தெளிக்கப்படுவதே எத்ரல். 10 லிட்டர் நீருக்கு வெறும் 2.5 மில்லி, விதைத்த 15-ஆம் நாளில் தொடங்கி வாரம் ஒருமுறை, நான்கு முறை என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இலைக்குள் சென்றதும் இது எத்திலீன் வாயுவை வெளியிடுகிறது. பழங்கள் தாமாகவே சுரக்கும் வாயுதான் அது. நாசிக் திராட்சை பருமனாவதும் இதுபோன்ற மற்றொரு ஊக்கியான ஜிப்ரலிக் அமிலத்தால்தான். அதை யாரும் சந்தேகிப்பதில்லை என்பது வேடிக்கை.

அளவும் பருவமும் தப்பினால் விளைவு விபரீதமாகும். 2011-இல் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் சுமார் 45 ஹெக்டேர் தர்ப்பூசணி வயலிலேயே வெடித்துச் சிதறியது. ஃபோர்குளோர்ஃபெனுரான் என்ற ஊக்கியைப் பருவம் தாழ்ந்து, மழைக்காலத்தில் தெளித்ததே காரணம் எனக் கூறப்பட்டது. எனினும், ஊக்கி தெளிக்காத சிலரது காய்களும் வெடித்தன.

ஊசிக் கதையில் அடிபடும் பெயர் ஆக்ஸிடோசின். மாடுகளில் பால் சுரக்கச் செய்யும் இது விலங்கின ஹார்மோன். தாவர வளர்ச்சி ஊக்கி அல்ல. கறவை மாடுகளிடம் முறைகேடாகப் பயன்படுத்தப்படுவதாகக் கூறி, தனியார் நிறுவனங்கள் இதைத் தயாரிக்க மத்திய அரசு 2018-இல் தடை விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அத்தடையை ரத்து செய்தது.

வதந்தியின் விலையைக் கொடுப்பவர் விவசாயி. 2025 கோடையில், தர்ப்பூசணியில் சாயம் ஏற்றப்படுவதாகச் சென்னையில் எழுந்த எச்சரிக்கை காட்டுத்தீயாய்ப் பரவியது. அறுவடை உச்சத்தில் இருந்தபோது விலை சரிந்தது. சாயம் ஏதுமில்லை என அதிகாரிகள் விளக்கம் அளிப்பதற்குள் நஷ்டம் நேர்ந்துவிட்டது. இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராட வேண்டியிருந்தது.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. எத்ரல் போன்றவை 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றாக வேண்டும். ஆனால், 'உயிரி ஊக்கி' என்ற பெயரில் கடைக்கு வந்த புட்டிகளுக்கு 2021 பிப்ரவரி வரை எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அந்த மாதம்தான் அவை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டன. அதன் பிறகும் தாற்காலிகப் பதிவில் ஆயிரக்கணக்கானவை விற்பனையில் இருந்தன. ஒரு காலத்தில் சுமார் 30 ஆயிரம் பொருள்கள் தடையின்றி விற்கப்பட்டதாகவும், கெடுபிடிக்குப் பின் அவை ஏறத்தாழ 650 ஆகக் குறைந்துவிட்டதாகவும் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌஹான் 2025 ஜூலையில் தில்லியில் தெரிவித்தார். மீதமுள்ளவற்றை வாங்கித் தெளித்த விவசாயிக்குப் பணத்தைத் திருப்பித் தருவது யார் என்ற கேள்வி எழவே இல்லை.

1968 சட்டத்துக்கு மாற்றாக மாநிலங்களவையில் 2008-இலும் 2020-இலும் மசோதாக்கள் கொண்டுவரப்பட்டன. இரண்டுமே சட்டமாகவில்லை.