சத்தம் சாத்தும் கதவு

வாசலில் சாக்கை விரித்து ஆர்எக்ஸ் 100-ஐ ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். வேலை சின்னதுதான், சைலன்சரைக் கழற்றி வேறு மாட்ட வேண்டும். ஆனால் சிலிண்டர் பக்கத்து நட்டு அசைவேனா என்றது. 1996-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. அத்தனை வருடச் சூடும் துருவும் சேர்ந்து நட்டையும் ஸ்டட்டையும் ஒட்ட வைத்திருந்தன. வீரம் காட்டினால் ஸ்டட்டு முறியும், அப்புறம் லேத்துப் பட்டறைக்கு அலைய வேண்டும். முந்தின ராத்திரியே எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்ததால், துளி இறுக்கி, துளி தளர்த்தி, மறுபடி இறுக்கி, கடைசியில் 'கிறீச்'சென்று வழிக்கு வந்தது.

கழற்றியதைக் கையில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு வருடம் முன்பு ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த டூப்ளிகேட். வெளியே பளபளப்பு, உள்ளே நேர்க்குழாய். அதை மாட்டிய நாளிலிருந்து தெருவே திரும்பிப் பார்த்தது. வண்டிதான் பாலம் ஏற முக்கியது. சத்தம் கூடினால் இழுவை கூடும் என்று நம்புகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன்.

இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகையை வெளியே விட வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் துளைகள், அவற்றைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டன். அது மேலே ஏறும்போது பெட்ரோலும் காற்றும் வருகிற துளை முதலில் அடைபடும். புகை போகிற துளை இன்னும் சற்று நேரம் திறந்தே கிடக்கும். எரியாத புதுக் கலவை அந்த வழியாக ஓடிப்போகப் பார்க்கும். அந்தக் கதவைச் சாத்த ஆள் வேண்டும். சாத்துவது, எஞ்சின் போட்ட சத்தமேதான்.

தேர்த் திருவிழாவில் சந்துக்குள் நெருக்கியடித்து நகரும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் வீதி அகலமானால் முன்வரிசை விலகும், அந்த இடைவெளி ஆள் மாற்றி ஆளாகப் பின்னோக்கி வரும். முன்னால் வழி குறுகினாலோ நெரிசல் பின்னோக்கி வரும். ஆர்எக்ஸின் அசல் சைலன்சர் இப்படித்தான், முதலில் விரிந்து பிறகு சுருங்கும். புகை வெடித்துக் கிளம்பும் அழுத்த அலை விரியும் இடத்தில் உறிஞ்சலாகத் திரும்பி, மிச்சப் புகையை வெளியே இழுக்கும். சுருங்கும் இடத்தில் பட்டு அழுத்தமாகத் திரும்பி, தப்பப் பார்த்த கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளும். குழலுக்குள் அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை.

எல்லாம் நேரக் கணக்கு. 7500 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 8 மில்லிசெகண்டு. புகைத்துளை திறந்திருப்பது ஏறக்குறைய பாதிச் சுற்று, அதாவது 4. சூடான புகையில் ஒலி செகண்டுக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். அந்த நேரத்தில் போய்வர 2 மீட்டர், ஒருவழிக்கு ஒரு மீட்டர். சைலன்சர் ஏன் கிட்டத்தட்ட அந்த நீளத்தில் இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான். மெதுவாகப் போகும்போது அலை முந்திக்கொண்டு வந்துவிடும், பலனில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே போனால் ஓரிடத்தில் வண்டி திடீரென்று பிய்த்துக்கொண்டு பாயுமே, அலை சரியான நேரத்துக்கு வந்து சேரத் தொடங்குவது அங்கேதான்.

இந்தக் குழலைக் கலையாக்கியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் கம்பெனியில் இருந்த வால்ட்டர் காடன். 1961-இல் அவருடைய 125 சிசி பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. என் 98 சிசி வண்டிக்கு 11தான். அதே வருடம் ஸ்வீடன் பந்தயத்தின்போது எம்இசட் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குப் பக்கம் தப்பி சுஸுகியில் சேர்ந்தார். காடனின் நுணுக்கங்களும் அவரோடு ஜப்பான் போயின. 1962-இல் 50 சிசி உலகப் பட்டம் சுஸுகிக்கு, ஓட்டியவர் டெக்னர். காடனுக்கு மிஞ்சியது என்ன என்று யோசித்தால் எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

அசல் சைலன்சரை மாட்டினேன். பழைய பேக்கிங்கைச் சுரண்டிப் புதிது வைத்து, எல்லா நட்டையும் முதலில் கையாலேயே ஏற்றி, சிலிண்டர் பக்கத்தை இறுக்கிய பிறகுதான் கால்மிதி பக்கத்துப் போல்ட்டை இறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் குழல் முறுக்கிக்கொண்டே நிற்கும், என்றாவது பிடிமானம் விரிசல் விடும். குரோமில் விரல் பட்ட எண்ணெயையும் துணியால் துடைத்தேன்.

மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. நீலப் புகை, பழைய நிதானமான சத்தம். பாலத்தில் ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பியபோதுதான் கவனித்தேன். ஒரு கட்டைவிரல் ரேகையை மட்டும் துடைக்க விட்டுப்போயிருக்கிறது. குரோமில் பழுப்பாகச் சுட்டுப் பதிந்திருந்தது.