மரக்கறிப் பாத்தி போடுமுன் மண்ணைத் திருத்துவோம்

கரட்டும் லீக்ஸும் கோவாவும் விளைகிற நுவரெலியா மாவட்டத்திலேதான் நாம் இருக்கிறோம். ஆனாலும் நம்முடைய பல வீடுகளில் மரக்கறி சமைப்பது சம்பளம் எடுத்த வாரத்தில் மட்டும்தான். மற்ற நாட்களில் ரொட்டியும் சம்பலும், இல்லாவிட்டால் சோறும் கிழங்கும். வளர்கிற பிள்ளைகளுக்கும் வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிற தாய்மாருக்கும் இது போதாது. லயத்துக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு சின்னப் பாத்தி இருந்தால் கீரையும் போஞ்சியும் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கும்.

"நாங்களும் போட்டுப் பார்த்தோம். முளைச்சு வந்துச்சு, அப்புறம் நாலு இலையோட மஞ்சளா நின்னுடுச்சு" என்று பலர் சொல்வார்கள். விதை சரியில்லை, நம்ம கை ராசியில்லை என்று விட்டுவிடுவதும் உண்டு. அநேகமாக விதையிலும் குறை இல்லை, கையிலும் குறை இல்லை. மண்ணில்தான் குறை. அதைத் திருத்தலாம்.

தேயிலைக்கு நல்ல மண், மரக்கறிக்கு ஏன் ஆகவில்லை?

தேயிலை புளித்த மண்ணை விரும்புகிற செடி. மண்ணின் புளிப்பை, அதாவது அமிலத்தன்மையை, பி.எச். என்ற அளவால் சொல்வார்கள். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போகப் போகப் புளிப்புக் கூடும். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை பொருந்தும். பெரும்பாலான மரக்கறிகளுக்கு 6 முதல் 6.5 வரை வேண்டும்.

நம் மலைகளில் பெய்கிற மழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கொண்டு போய்விடுகிறது. தேயிலைக்கு வருடக்கணக்காகப் போட்ட உரமும் புளிப்பைக் கூட்டியிருக்கிறது. புளிப்பு மிஞ்சிய மண்ணில் அலுமினியம் கரைந்து வெளிவரும். தேயிலை அதைத் தாங்கும். பீட்ரூட், போஞ்சி, லீக்ஸ் போன்றவை தாங்கா. வேர் நுனி கருகி, கட்டையாகி நின்றுவிடும். வேர் ஓடாத செடிக்கு மேலே எவ்வளவு உரம் போட்டாலும் வீண்செலவு.

இது புதுக் கதை இல்லை. 1848இல் நுவரெலியாவில் பண்ணை வைத்த சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரரும், எரு போட்டால்தான் இந்த மண் விளையும் என்று கண்டுகொண்டார். தோட்டங்களிலும் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு உடனே புதுக்கன்று நடுவதில்லை. மானாப்புல்லோ குவாத்தமாலா புல்லோ வளர்த்து, மண்ணைத் தேற்றிய பிறகுதான் நடுகிறார்கள். மலைக்கே அந்தக் கவனிப்பு வேண்டியிருக்கிறது என்றால், வீட்டுப் பாத்திக்கு வேண்டாமா?

பாத்தி எங்கே, எப்படி?

முதலில் இடத்தைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுக் கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரமாவது வெயில் விழவேண்டும். கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடமும், மலசலகூடக் குழிக்குக் கீழே உள்ள இடமும் ஆகாது. லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டை வெட்டி இடம் எடுக்கவே கூடாது. மழைக்கு மண் சரிந்தால் உயிருக்கே ஆபத்து.

பாத்தி 3 அடி அகலம், 10 அடி நீளம், 8 அங்குல உயரம் இருந்தால் போதும். இரண்டு பக்கமும் நின்று கை எட்டுகிற அகலம் இது. உள்ளே மிதிக்க வேண்டியதில்லை. சரிவுக்குக் குறுக்காகப் போடுங்கள். மேல்பக்கம் ஒரு சின்னக் கான் வெட்டி மழைத் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். ஓரத்துக்குக் கல் அடுக்கலாம், மூங்கில் வைக்கலாம். உடைந்த அஸ்பெஸ்டஸ் தகட்டை மட்டும் வைக்க வேண்டாம். அதன் தூசு நெஞ்சுக்குக் கேடு.

ஓரம் வைக்கும் முன் அடிமண்ணை முள்ளால் ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறிவிடுங்கள். இறுகிய தரையின் மேல் நல்ல மண்ணைக் கொட்டினால் தண்ணீர் இடையிலே தேங்கி வேர் அழுகும்.

மண் கலவை

மேலே சொன்ன அளவுப் பாத்திக்கு ஏறக்குறைய ஒன்பது உரச்சாக்கு கலவை வேண்டும்.

மேல்மண் – 5 சாக்கு. கல்லையும் வேரையும் பொறுக்கிவிடுங்கள். புல்லுக்கு மருந்து அடித்த மலையிலிருந்து மண் எடுக்காதீர்கள்.

மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு – 3 சாக்கு.

மரத்தடியில் மக்கிய இலைமண் – 1 சாக்கு. சவுக்கு மரத்தடியில் நிறையக் கிடைக்கும்.

டொலமைட் – அரைக் கிலோ, அதாவது இரண்டு சிரட்டை அளவு.

டொலமைட் என்பது கண்டி, மாத்தளைப் பக்கம் வெட்டி அரைக்கிற கல். இதில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் இருக்கிறது. கவ்வாத்துக் காலத்தில் மலைக்குப் போடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இது கிடைக்காவிட்டால் விறகு அடுப்புச் சாம்பலை இரண்டு மூன்று சிரட்டை எடுத்துக் கலக்கலாம். பொலித்தீன், பிளாஸ்டிக் எரித்த சாம்பல் வேண்டாம். சாம்பலும் டொலமைட்டும் இரண்டையும் அள்ளிப் போட்டால் புளிப்பு அளவுக்கு மிஞ்சிக் குறைந்துவிடும், அதுவும் செடிக்குக் கெடுதல். வருடத்துக்கு ஒரு தடவை போதும். உருளைக்கிழங்கு போடுகிற பாத்திக்கு இது வேண்டாம், கிழங்கில் சொறி விழும்.

முதலில் மண்ணில் டொலமைட்டைக் கலந்து, நனைத்து, இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுங்கள். பிறகுதான் எருவைக் கலக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் எருவிலுள்ள சத்து ஆவியாகிப் போகும்.

கலவை சரியா என்று பார்க்க ஒரு பிடி அள்ளிப் பிசையுங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். களிபோல நின்றால் இன்னும் எரு சேருங்கள். மணல் மட்டும் சேர்த்தால் களிமண் இளகாது.

எரு இல்லாதவர்களுக்கு

மாடு இல்லாத வீட்டிலும் கூட்டெரு செய்யலாம். 3 அடி அகலம், 3 அடி உயரத்தில் குவியல் போடுங்கள். காய்ந்த புல் ஒரு அடுக்கு, பச்சை இலையும் மரக்கறித் தோலும் ஒரு அடுக்கு, மேலே ஒரு கூடை மண் என்று மாற்றி மாற்றிப் போடவேண்டும். தேத்தண்ணீர் வடித்த சக்கை, முட்டைக்கோது எல்லாம் சேர்க்கலாம். மழை படாமல் பழைய படங்கால் மூடி, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை புரட்டுங்கள். நம்ம குளிருக்கு மூன்று நான்கு மாதம் செல்லும். சூடு தணிந்து, மழை பெய்த மண்ணைப் போல மணம் வந்தால் தயார்.

பச்சைச் சாணியையும் புதுக் கோழி எருவையும் பாத்தியில் போடவேண்டாம். வேர் வெந்துவிடும், கரட் கிளைவிட்டுக் கோணலாகும். பச்சையாகத் தின்கிற கீரையில் கிருமியும் ஒட்டிக்கொள்ளும். பாத்தியில் வேலை செய்தபின் பிள்ளைகள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும்.

நட்ட பிறகு

முதல் தடவைக்கு முள்ளங்கி, கீரை, போஞ்சி போடுங்கள். சீக்கிரம் பலன் தரும். அடுத்த தடவை பீட்ரூட், லீக்ஸ், கோவா என்று மாற்றுங்கள். மேலே புல் மூடாக்குப் போட்டால் மழை மண்ணை அடித்துச் செல்லாது. நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் பனி விழுகிற இரவுகளில் சாக்கால் மூடிவிடுங்கள். ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் ஒரு சாக்கு எருவைத் திரும்பச் சேருங்கள். எடுத்ததைக் கொடுக்காவிட்டால் மண் மறுபடியும் இளைத்துவிடும்.

2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் விலைவாசி தலைக்கு மேலே போனது. அந்த நாட்களை நாம் மறக்கவில்லை. சாணியும் சாம்பலும் சருகும் கப்பலில் வருவதில்லை.

உங்கள் மண் எவ்வளவு புளித்திருக்கிறது என்று அறிய விரும்பினால், பக்கத்திலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். தனியாகக் குவியல் போட இடம் இல்லாத லயங்களில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே குவியல் போடலாம். இந்த மாதமே குவியலைப் போட்டால் நான்காம் மாதம் பாத்தி தயார்.