எந்தச் சோப்பு வாங்குவது?

மாலை 6 மணி. ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் விடுகிற நேரம்.

பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வருகிறார்கள். கையில் சாப்பாட்டுப் பை. உடம்பில் களைப்பு. ஆனாலும் முகத்தில் ஒரு மலர்ச்சி. அன்று சம்பள நாள்!

அவர்களில் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் கம்பெனியில் 'செக்கிங்' வேலை. தைத்து வரும் ஷூவை எடுத்துப் பார்ப்பாள். தையல் கோணலா? தோலில் கீறலா? நூல் பிசிறு நிற்கிறதா? ஒரு பார்வை, ஒரு புரட்டு, அவ்வளவுதான். நல்லது இந்தப் பக்கம். குறை உள்ளது அந்தப் பக்கம். நாள் முழுவதும் இதே வேலை. எதிலும் அவள் தயங்குவதில்லை.

அந்தத் தாய் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கடைக்குள் நுழைகிறாள். வாங்க வேண்டியது குளிக்கிற சோப்பு.

அலமாரியைப் பார்க்கிறாள். வேப்பிலை சோப்பு, சந்தன சோப்பு, மஞ்சள் சோப்பு, எலுமிச்சை சோப்பு, பால் சோப்பு, குழந்தை சோப்பு! சிவப்பு, பச்சை, நீலம் என்று உறைகள் மின்னுகின்றன. "3 வாங்கினால் 1 இலவசம்" என்கிறது ஒன்று. "புதியது" என்கிறது இன்னொன்று.

ஒன்றை எடுக்கிறாள், முகர்ந்து பார்க்கிறாள், திரும்ப வைக்கிறாள். மற்றொன்றை எடுக்கிறாள். பத்து நிமிஷம் போய்விடுகிறது.

"இன்னாம்மா வேணும்?" என்று கேட்கிறார் கடைக்காரர்.

"நல்ல சோப்பா ஒண்ணு குடுங்க பாய்!"

"எல்லாமே நல்லதுதாம்மா!"

கடைசியில், படம் அழகாக இருந்த ஒரு சோப்பை எடுத்துக்கொண்டு போகிறாள். பாதி வழியில் மனம் உறுத்துகிறது: "அந்தப் பச்சை உறையை எடுத்திருக்கலாமோ?"

ஷூவைப் பார்த்ததும் முடிவு சொல்லுகிற கண், சோப்பைப் பார்த்துத் திணறுகிறதே! என்ன காரணம்?

தச்சன் கதை

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று ஒரு பழமொழி உண்டு. காட்டுக்குப் போனான் தச்சன். இது நல்ல மரம். அது இன்னும் நல்ல மரம். அதற்கு அப்பால் அதைவிட நல்ல மரம் இருக்குமோ? இப்படியே நடந்தான். பொழுது சாய்ந்தது. வெறுங்கையோடு திரும்பினான்.

முன்பெல்லாம் மளிகைக் கடையில் இந்தத் தொல்லை குறைவு. சாமான்கள் கடைக்காரருக்குப் பின்னால் இருக்கும். கேட்டதை எடுத்துக் கொடுப்பார். பொட்டலம் கட்டித் தருவார். 1991-ல் மத்திய அரசு பொருளாதாரக் கொள்கையை மாற்றியது. அதன் பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகள் அதிகமாக வந்தன. உள்நாட்டுக் கம்பெனிகளும் போட்டி போட்டுக்கொண்டு புதுப்புதுச் சரக்குகளை இறக்கின. நாமே எடுத்துக்கொள்ளும் கடைகள் சிறிய ஊர்களுக்கும் வந்துவிட்டன.

ரேஷன் கடையில் யாரும் திணறுவதில்லை. அங்கே ஒரே சர்க்கரை, ஒரே பாமாயில். அதற்காக எல்லாக் கடைகளும் ரேஷன் கடையாகிவிட வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பல சரக்கு இருப்பது வாங்குகிறவர்களுக்கு லாபம்தான். ஆனால், அந்த லாபத்தை எடுத்துக்கொள்ளத் தெரிய வேண்டும்.

ஜாம் சோதனை

இந்தத் திணறலை அமெரிக்காவில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஷீனா ஐயங்கார். இந்தியாவிலிருந்து குடியேறிய சீக்கியப் பெற்றோருக்குப் பிறந்தவர். இளம் வயதிலேயே கண் பார்வையை இழந்தவர். பிறகு பெரிய பேராசிரியை ஆனார். அவரும் மார்க் லெப்பர் என்ற பேராசிரியரும் சேர்ந்து, 2000-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

கலிபோர்னியாவில் ஒரு பெரிய கடை. அதன் உள்ளே ஒரு மேஜை போட்டார்கள். ரொட்டியில் தடவிச் சாப்பிடும் ஜாம் வகைகளை ருசி பார்க்க வைத்தார்கள். சில மணி நேரம் 24 வகை ஜாம். சில மணி நேரம் 6 வகை மட்டும்.

24 வகை இருந்தபோது 145 பேர் நின்று பார்த்தார்கள். அவர்களில் ஜாம் வாங்கியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 4 பேர்தான்!

6 வகை இருந்தபோது நின்றவர்கள் 104 பேர். வாங்கியவர்கள் 31 பேர்!

அதிகம் இருந்தால் கூட்டம் கூடுகிறது. ஆனால் முடிவு பிறப்பதில்லை. உலகம் முழுவதும் இந்தச் சோதனை பிரபலம் ஆயிற்று.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. இதே மாதிரி நடந்த 50 சோதனைகளைச் சேர்த்து வைத்து 2010-ல் கணக்குப் பார்த்தார்கள். சிலவற்றில் மக்கள் திணறியிருந்தார்கள். சிலவற்றில் திணறவே இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் ஏறக்குறையப் பூஜ்யம்!

அப்படியானால் யார் திணறுகிறார்கள்? 2015-ல் வேறு சில ஆராய்ச்சியாளர்கள் அதற்கு விடை தேடினார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமான ஒன்று: தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் போகிறவர் திணறுகிறார். தெரிந்துகொண்டு போகிறவருக்கு 24 வகை இருந்தாலும் கவலை இல்லை.

தோலில் இருக்கும் பாடம்

வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் ஊர்களில் இருப்பவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல.

தோல் பதனிடும் ஆலையில் தரம் பிரிப்பவரைப் பாருங்கள். அவர் முன்னால் தோல் மலைபோல் குவிந்திருக்கும். ஒவ்வொன்றாக எடுப்பார், வெளிச்சத்தில் விரிப்பார், கையால் தடவுவார். ஓட்டை, வெட்டு, பழைய காயத் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார். இது ஷூவின் மேல்பக்கத்துக்கு ஆகும். இது உள்பக்கத்துக்கு ஆகும் என்று பிரித்துப் போடுவார். இத்தனை தோல் இருக்கிறதே என்று அவர் மலைப்பதில்லை. ஏன்? எதற்காகப் பார்க்கிறோம், எதைப் பார்க்க வேண்டும் என்ற இரண்டும் அவருக்குத் தெரியும்.

செக்கிங் வேலை செய்யும் தாய்க்கும் அப்படித்தான். கம்பெனியில் ஒப்புக்கொண்ட மாதிரி ஷூ ஒன்று இருக்கிறது. அதைப் போல இருக்கிறதா, இல்லையா என்பதுதான் கேள்வி. சோப்புக் கடையில் அவளிடம் அந்த 'மாதிரி' இல்லை. அதனால்தான் திணறினாள்!

அந்த மாதிரியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். காசு செலவு இல்லை. ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும் போதும்.

சீட்டில் "சோப்பு" என்று மட்டும் எழுதினால் போதாது. யாருக்கு? எத்தனை? எவ்வளவு ரூபாய்க்குள்? இந்த மூன்றையும் எழுத வேண்டும். "குளிக்கிற சோப்பு, 4 பேருக்கு, 3 கட்டி, ஒன்று 40 ரூபாய்க்குள்" என்று எழுதிக்கொண்டு போனால், அலமாரியில் முக்கால்வாசி சோப்பு தானாகவே கழிந்துவிடும். மிச்சம் இருப்பது நாலைந்துதான்.

எண்ணைப் படியுங்கள்

அந்த நாலைந்தில் எதை எடுப்பது? படத்தைப் பார்த்து எடுக்கக்கூடாது. எண்ணைப் பார்த்து எடுக்க வேண்டும்.

பாக்கெட்டில் கட்டாயம் அச்சிட வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழிலும் அச்சிடலாம், ஆனால் கட்டாயம் இல்லை. புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களுக்கு இது பெரிய தடை. ஆனால் 1, 2, 3 என்ற எண்கள் எல்லா மொழிக்கும் பொது. எண் தெரிந்தவர்கள் ஏமாற வேண்டியதில்லை.

முதலில் எடை. அடுத்தது அதிகபட்ச சில்லறை விலை. எல்லா வரியும் அதில் அடக்கம். அதற்கு மேல் ஒரு காசுகூடக் கேட்கக்கூடாது. குறைத்துக் கொடுக்கலாம்.

மூன்றாவது எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை. முன்பு பிஸ்கட், சோப்பு போன்ற பல பொருள்களை இன்ன இன்ன எடையில்தான் பாக்கெட் போடலாம் என்று விதி இருந்தது. 2021-ல் வந்த திருத்தம் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. இனி எந்த எடையிலும் பாக்கெட் போடலாம். அதற்குப் பதிலாக, ஒரு கிராம் என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்று சொன்னது. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பாக்கெட் என்றால், ஒரு கிலோ என்ன விலை என்று போட வேண்டும்.

ஒரு சோப்பு 40 ரூபாய், எடை 100 கிராம். இன்னொன்று 33 ரூபாய், எடை 75 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு 33 ரூபாய் சோப்புதான் மலிவு. ஆனால் முதல் சோப்பு கிராம் 40 காசு. இரண்டாவது சோப்பு கிராம் 44 காசு! 'மலிவு' என்று எடுத்ததே விலை அதிகம்.

சாப்பிடும் பொருள் என்றால் தேதியைப் பார்க்க வேண்டும். உணவுத் துறை கொடுக்கும் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சோப்புக்கு இன்னொரு எண் உண்டு. 'டி.எஃப்.எம்.' என்ற மூன்று ஆங்கில எழுத்துக்கு அருகே ஒரு சதவீதம் போட்டிருக்கும். சோப்பில் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்பதை அது காட்டும். இந்தியத் தர நிர்ணயப்படி 'டாய்லெட் சோப்' என்றால், 76 சதவீதமும் அதற்கு மேலும் முதல் தரம். குறைந்தது 70 இருந்தால் இரண்டாம் தரம். 60 இருந்தால் மூன்றாம் தரம். 'பேதிங் பார்' என்று அச்சிட்டிருந்தால் அது வேறு வகை. அதற்கு 40 சதவீதம் இருந்தாலே போதும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும்!

அச்சிட்ட விலைக்கு மேல் யாராவது கேட்டால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

சின்னதை வாங்கிப் பார்க்கலாம்

புதிய சரக்கு ஒன்றைப் பார்த்ததும் ஆசை வருகிறது. வாங்கலாமா, வேண்டாமா? இதற்கும் ஒரு வழி உண்டு. அதைக் காட்டியவர் ஒரு தமிழர்.

கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், ஷாம்புவைச் சின்னஞ்சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று காட்டினார். அவருடைய மகன் ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் ஷாம்பு கம்பெனி தொடங்கி, அதே வழியில் பெரிய தொழிலதிபர் ஆனார். புட்டி வாங்க முடியாத குடும்பங்களுக்கும் ஷாம்பு கிடைத்தது.

சின்னப் பாக்கெட்டை ஒரு சோதனையாகப் பயன்படுத்தலாம். இரண்டு ரூபாயில் முடிகிற சோதனைக்கு இருநூறு ரூபாய் புட்டி எதற்கு? பிடித்த பிறகு பெரியது வாங்கலாம். பெரியதுதான் மலிவு என்றும் நம்பிவிடக்கூடாது. மில்லி என்ன விலை என்று இரண்டிலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்குவதற்கும் இதே முறைதான். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் ஆம்பூர் பக்கம் வரிசையாக ஷூ கடைகள். உள்ளே நுழைந்தால் கண் சுழலும். எதற்கு, என்ன நிறம், எவ்வளவு பணம் என்பதை முன்பே பேசி முடித்துவிட வேண்டும். மாலையில் போவது நல்லது. பகல் முழுவதும் நடந்த கால் மாலையில் கொஞ்சம் பருத்திருக்கும். இரண்டு காலிலும் போட்டு நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். விரலுக்கு முன்னால் சிறிது இடம் இருந்தால், அதுதான் சரியான ஷூ.

போதும் என்ற கணக்கு

ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர், 1978-ல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்றவர். அவர் 1956-லேயே ஒரு கருத்தைச் சொன்னார். மனிதனுக்கு எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க நேரமும் கிடையாது, சக்தியும் கிடையாது. ஆகவே, 'இருப்பதிலேயே சிறந்தது' என்று தேடிக்கொண்டே போகாமல், 'தேவைக்குப் போதுமானது' கிடைத்ததும் நிறுத்திக்கொள்கிறான் என்றார்.

குடும்பப் பெண்களுக்கு இதைவிட நல்ல யோசனை இல்லை. சீட்டில் எழுதியதற்குப் பொருந்துகிறதா? எண் சரியாக இருக்கிறதா? எடுத்துக்கொள்ளலாம். எடுத்த பிறகு அலமாரியைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். பிடித்துப்போன பொருளை மாதா மாதம் மாற்றவும் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை விலையை ஒப்பிட்டால் போதும்.

தச்சன் செய்த தவறு, பல மரங்களைப் பார்த்தது அல்ல. கதவுக்கு மரம் வேண்டுமா, கட்டிலுக்கு வேண்டுமா என்று முடிவு செய்யாமல் காட்டுக்குப் போனதுதான்!

அடுத்த மாதம். அதே சம்பள நாள். அதே கடை. அந்தத் தாய் வருகிறாள். கையில் ஒரு சின்னச் சீட்டு. அலமாரிக்குப் போகிறாள், இரண்டு சோப்பை எடுக்கிறாள், எண்களைப் பார்க்கிறாள். ஒன்றை வைத்துவிட்டு மற்றதில் மூன்று எடுத்துக்கொண்டு வருகிறாள்.

"இன்னாம்மா, அதுக்குள்ள எடுத்துட்டீங்க?" என்று ஆச்சரியப்படுகிறார் கடைக்காரர்.

"வீட்லயே செக்கிங் முடிச்சிட்டு வந்துட்டேன் பாய்!" என்று சிரிக்கிறாள் அவள்.